தீபாவளிப் படையலும் முன்னோர் பெயர்களும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஆலய அலுவலகத்திற்கு ஆண்டுதோறும் ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். “ஐயா, முன்னோருக்கு முதல் நாள் மாலையில் படைப்பதா, தீபாவளி அன்று காலையில் படைப்பதா?” “அப்பா தவறி எட்டு மாதம்தான் ஆகிறது, இந்த ஆண்டு தீபாவளி எடுக்கலாமா?” “எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. பெண் பிள்ளைகள் நாங்கள் படைத்தால் அது சேருமா?” “அம்மா இருந்தவரை ஆட்டிறைச்சி வைத்துப் படைத்தார். இப்பொழுது மருமகள் கூடாது என்கிறாள். என்ன செய்வது?”

கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். தாயோ தகப்பனோ இருந்தவரை இவர்களுக்கு இந்த ஐயங்கள் எழுந்ததே இல்லை. பெரியவர்கள் இலை போட்டார்கள், இவர்கள் விழுந்து கும்பிட்டுவிட்டு முறுக்குத் தட்டைத் தேடிப் போனார்கள். இப்பொழுது இலை போடும் முறை இவர்கள் கைக்கு வந்திருக்கிறது. தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி இல்லை இது என்பதால், இம்மலரின் வாயிலாகச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தீபாவளி என்றவுடன் எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் பலகாரமும் விருந்தினர் வருகையும் நம் நினைவுக்கு வருகின்றன. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்சிலும் கூடும் கூட்டத்தைப் பார்க்கிற பிற இனத்தவரும் அதையே தீபாவளி என்று எண்ணுகிறார்கள். ஆனால் இந்நாட்டின் தமிழர் வீடுகளில் இவை எல்லாவற்றிற்கும் முன்பாக ஒரு காரியம் நடக்கிறது. கதவுக்கு உள்ளே, வீட்டார் மட்டும் கூடிச் செய்யும் காரியம் அது. இறந்துபோனவர்களின் படத்தைத் துடைத்து, பொட்டிட்டு, மாலை போட்டு, தலைவாழை இலை விரித்து, அவர்கள் விரும்பி உண்டவற்றைச் சமைத்து வைத்து, எடுத்த புதுத்துணிகளின் ஓரத்தில் மஞ்சள் தடவி முன்னே அடுக்கி, சாம்பிராணி காட்டிக் கும்பிடுகிறார்கள். அதன் பிறகுதான் அந்தத் துணி நம் உடலுக்கு வருகிறது. அதன் பிறகுதான் பலகாரம் நம் வாய்க்கு வருகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் சிலர் இதைப் பார்த்து, “ஊரில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும்தான் முன்னோருக்குச் செய்வோம், நீங்கள் தீபாவளிக்குச் செய்கிறீர்களே?” என்று வியப்பதுண்டு. அங்கும் தீபாவளிக்குப் படைக்கும் குடும்பங்கள் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். இது தோட்டத்தில் யாரோ விவரம் தெரியாமல் தொடங்கிய பழக்கம் என்று நம்மவர் சிலர் கருதுகிறார்கள். அவர்களுக்காகப் பஞ்சாங்கத்தைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

நாம் கொண்டாடும் தீபாவளி ஐப்பசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி. விடியற்காலையில் சதுர்த்தசி இருக்கும் நாளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். அதையடுத்து வருவது அமாவாசை. சில ஆண்டுகளில் அமாவாசை மறுநாள்தான் தொடங்கும். சில ஆண்டுகளில் அன்று பகலிலோ மாலையிலோ தொடங்கிவிடும். 2025-இல் அக்டோபர் 20ஆம் நாள் நாம் தீபாவளி கொண்டாடினோம். அன்று மாலையே நம் நாட்டு நேரப்படி அமாவாசை பிறந்துவிட்டது. 2026-இல் நவம்பர் 8ஆம் நாளும் பிற்பகலில் அப்படியே. அமாவாசை முன்னோருக்கு உரிய திதி என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகத் தீபாவளி அந்தத் திதியின் வாசற்படியில் நிற்கிற பண்டிகை.

இதற்கு ஒரு மாதம் முந்தியது மகாளய அமாவாசை. அந்தப் பதினைந்து நாள்களில் முன்னோர் நம்மைக் காண வருகிறார்கள் என்றும், தீபாவளியை ஒட்டி அவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்றும், இருட்டில் அவர்களுக்கு வழிகாட்டத் தீப்பந்தம் பிடிக்க வேண்டும் என்றும் பழைய தரும நூல்கள் கூறுகின்றன. இதை நூலோடு விட்டுவிடாமல் இன்றும் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒடிசா மாநிலத்தில் தீபாவளி இரவில் காய்ந்த சணல் தண்டுகளைக் கொளுத்தி வானை நோக்கிப் பிடித்து, இருட்டில் வந்த பெரியவர்கள் வெளிச்சத்தில் திரும்பிச் செல்ல வேண்டும் என்று வீட்டார் அனைவரும் கூவி அழைக்கிறார்கள். வங்காளத்தில் அதற்கு முதல் நாள் பதினான்கு தலைமுறை முன்னோரை எண்ணிப் பதினான்கு அகல் விளக்குகள் வைக்கிறார்கள். தீபாவளி விளக்கு வீட்டு அழகுக்கும் இலட்சுமியின் வரவுக்கும் மட்டும் ஏற்றப்பட்டதன்று என்பது இதனால் தெரிகிறது. நரகாசுரன் கதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். தான் இறந்த நாளை மக்கள் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்பதுதானே அவன் கேட்ட வரம்? தீபாவளி பிறந்ததே ஒரு நினைவு நாளாகத்தான்.

நம் தமிழ் மரபிலும் இதற்கு வேர் ஆழமானது. திருவள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்லறத்தான் பேண வேண்டிய ஐந்து பேரை அடுக்குகிறார். முதலில் தென்புலத்தார், அதாவது மறைந்த முன்னோர். தெய்வம் இரண்டாவதாகத்தான் வருகிறது. அதன் பிறகு விருந்தினர், சுற்றத்தார், கடைசியில் தான். வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாணவன், “சாமியை விடத் தாத்தா பெரியவரா சார்?” என்று கேட்பான். நல்ல கேள்வி. பதிலை அவன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். தீபாவளிக்கு முதல் நாள் அவன் வீட்டில் முதல் இலை யாருக்குப் போடப்படுகிறது என்பதை அவனே பார்த்திருப்பான். சங்க காலத்திலும் போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வணங்கினார்கள் என்று புறநானூறு காட்டுகிறது. தாத்தாவின் இலையருகே ஒரு கிளாஸ் வைப்பவர்களை முகம் சுளித்துப் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இந்த நாட்டில் இது ஏன் இவ்வளவு அழுத்தமாக நிலைத்தது? இதற்கு விடை நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது.

1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. சிலாங்கூர்த் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்த நம்மவர்களில் பெருந்தொகையினர் கால் வைத்த மண் இதுதான். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி, ஒரு வாரம் கடலில் கிடந்து, பினாங்கைத் தொட்டு, இங்கே இறங்கினார்கள். ‘ரஜூலா’ கப்பலின் பெயரை இன்றும் சொல்லும் முதியவர்கள் நம் பகுதியில் உண்டு. கங்காணி பெயரெழுதி அழைத்து வந்தார், கிராணி பெயரெழுதி லயத்தில் வீடு கொடுத்தார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவன் இறந்தால் அவனை நினைக்கப் பல இடங்கள் இருந்தன. அவன் உழுத நிலம், அவன் கும்பிட்ட குலதெய்வக் கோயில், பங்காளிகள், திதி கொடுக்கும் ஆற்றங்கரை என்று எத்தனையோ. இங்கே லயத்து வீட்டில் அவற்றில் ஒன்றுமில்லை. நிலம் துரையுடையது, வீடு கம்பெனியுடையது. பங்காளி ஒருவன் இருந்தால் அவன் வேறு தோட்டத்தில் இருப்பான். ஊரில் தாய் இறந்த செய்தி கடிதத்தில் வந்து சேர்வதற்குள் கருமாதியே முடிந்திருக்கும். திறமை சாராத தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. போக வர இருந்த பாதையும் சுருங்கியது. பிறகு யுத்தம் வந்தது.

ஊரில் பல நாள்களில், பல இடங்களில் செய்த கடமைகளை எல்லாம் இங்கே ஓர் இரவில், ஓர் இலையில் செய்ய வேண்டியதாயிற்று. அதற்கு வாய்த்த இரவு தீபாவளிக்கு முந்தைய இரவு. தோட்டத்தில் முன்பணம் கிடைக்கும். விடுமுறை கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்து உறவுகள் வந்து சேரும். ஆடி அமாவாசைக்கு வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார எந்தத் துரை விட்டார்? இவ்விதமாகத்தான் மலேசியத் தமிழன் வீட்டில் தீபாவளி முன்னோர் நாளும் ஆயிற்று என்பது என் கருத்து.

யுத்தம் என்றேன். அதைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் 1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் கூலியும் அரிசியும் கிடைக்கும் என்று நம்பிப் போனார்கள். பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பெருந்தொகையானோர் காட்டிலேயே மாண்டார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலையும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவலையும் படிக்காத அன்பர்கள் நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டும். சயாமில் காஞ்சனபுரிக்குச் சென்றால் நேச நாட்டுப் படைவீரர்களின் கல்லறைகள் ஏறக்குறைய ஏழாயிரம் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, இறந்த நாள் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயரெழுதிய கல்லறை வரிசை எதுவும் கிடையாது. இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் இறந்தார் என்று வீட்டுக்குக் கடிதம் எழுத யாரும் இருக்கவில்லை.

இறந்த நாள் தெரியாதவருக்குத் திதி எப்படிக் கொடுப்பது? மகாளய அமாவாசை அன்று கொடுக்கலாம் என்று சாத்திரம் வழி சொல்கிறது. ஆனால் பால்மரக் காட்டில் இருந்த பெண்ணுக்கு அந்தச் சாத்திரத்தைச் சொல்ல ஐயர் இல்லை. அவள் செய்தது தீபாவளிக்கு முதல் நாள் இலை போட்டது.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி அப்படிச் செய்தவர்களில் ஒருவர். தாத்தா சயாமுக்குப் போனபோது அப்பாவுக்கு நடக்கும் வயது. யுத்தம் முடிந்து போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். தாத்தா திரும்பவில்லை. பார்த்ததாகச் சொன்னவர்களும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் பாட்டி படைக்க மறுத்துவிட்டாராம். படைத்தால் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? பிறகு ஒரு தீபாவளிக்கு, யாரும் சொல்லாமலே, தம் மாமியார் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலையையும் போட்டார். தாத்தாவின் படம் எங்களிடம் கிடையாது. ஒரு செம்பில் தண்ணீரும் மடித்த வேட்டியும்தான் அந்த இலைக்கு அடையாளம். நான் சிறுவனாக இருந்தபோது ஒவ்வோர் இலைக்கு முன்னும் நின்று பாட்டி சத்தமாகப் பெயர் சொல்வார். பெயரோடு ஊரையும், யார் மகன் என்பதையும் சேர்த்தே சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் ஐந்து தலைமுறைப் பெயர்கள் எனக்கு மனப்பாடம் ஆயின. வேறு எந்தத் தாளிலும் அவை இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் சற்று கவனிக்க வேண்டுகிறேன். நம் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். நம் பெயர், அதற்குப் பின் ‘அனாக் லெலாக்கி’ அல்லது ‘அனாக் பெரம்புவான்’, அதற்குப் பின் தகப்பனார் பெயர். அவ்வளவுதான். என் அட்டையில் என் தாத்தாவின் பெயர் இல்லை. என் மகன் அட்டையில் என் தந்தையின் பெயர் இல்லை. தலைமுறைக்கு ஒரு பெயர் கழன்று விழுந்துகொண்டே வருகிறது. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. முன்னோர் பெயர் எழுதிய பலகை வீட்டிலோ சங்கத்திலோ உண்டு. ஏப்ரல் மாதத்தில் சிங் மிங் நாளன்று கல்லறையைக் கூட்டித் துப்புரவு செய்யும்போது கல்லில் பொறித்த பெயரைப் பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். மலாய் அன்பர்கள் நோன்புப் பெருநாள் காலையில் தொழுகை முடித்து நேரே அடக்கத்தலத்துக்குப் போகிறார்கள். கத்தோலிக்கத் தமிழர்கள் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நமக்கு மிக அருகில், கேரித் தீவில் வாழும் மா மெரி பூர்வகுடியினர் ஆண்டுதோறும் ‘ஹரி மோயாங்’ என்று முன்னோர் நாளே கொண்டாடுகிறார்கள். முகமூடி அணிந்து ஆடி, படையலிட்டு, தங்கள் மூதாதையரை அழைக்கிறார்கள். போர்ட் கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் போய்ச் சேரலாம். நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத் தகுந்த விழா.

நம்மில் பெரும்பாலோர் இறந்தவரை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிடுகிறோம். அப்படிச் செய்தவர்களுக்குக் கல் இல்லை. புதைத்தவர்களின் நிலையும் பெரிதாக மாறுபட்டதன்று. தோட்டத்து இடுகாட்டில் புதைத்தோம். தோட்டங்கள் நகரங்களாயின. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த பக்கம் இன்று பண்டார் புக்கிட் ராஜா. நார்த் ஹம்மோக் தோட்டம் இன்று செத்தியா ஆலம். இடுகாட்டுக்குப் போகும் வழி தெரிந்த கிழவர்களும் போய்விட்டார்கள். பள்ளியில் பணியாற்றிய காலத்தில் நான்காம் ஆண்டு மாணவர்களிடம், உன் தாத்தா பாட்டி நால்வரின் பெயரையும் எழுதி வா என்று வீட்டுப்பாடம் கொடுப்பது என் வழக்கம். பலர் ‘தாத்தா’, ‘பாட்டி’ என்றே எழுதி வருவார்கள். அம்மாவுக்கும் தெரியவில்லை சார் என்பார்கள். நால்வரின் பெயரோடு கொள்ளுத்தாத்தா பெயரையும் சேர்த்து எழுதி வரும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். விசாரித்தால் அந்த வீட்டில் பெயர் சொல்லிப் படைக்கும் வழக்கம் இருக்கும்.

இனி, அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

எந்த நாளில் படைப்பது? நம் நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் தீபாவளிக்கு முதல் நாள் மாலையில், விளக்கு வைத்தபின் படைக்கின்றன. சில குடும்பங்களில் தீபாவளி காலையில், எண்ணெய்க் குளியல் முடித்துப் புத்தாடை அணியும் முன் படைக்கிறார்கள். உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதுவே சரி. இரண்டு குடும்பம் ஒன்றாகிய வீட்டில், கணவர் வீட்டு வழக்கம் ஒன்று, மனைவி வீட்டு வழக்கம் ஒன்று என்றால் இரண்டையும் செய்யலாம். சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் முதல் நாள் இரவு பத்து மணிக்குத்தான் வந்து சேர்வார்கள் என்றால், பிள்ளைகள் வரும்வரை காத்திருந்து படையுங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்காமல் எந்தத் தாத்தாவும் சாப்பிட்டுவிட்டுப் போக மாட்டார்.

ஓராண்டுக்குள் துக்கம் நடந்த வீட்டில் தீபாவளி கொண்டாடுவதில்லை. பலகாரம் சுடுவதில்லை, புத்தாடை உடுத்துவதில்லை. தலைத் திவசம் முடியும் வரை இந்த வழக்கம். அதற்காக விளக்கேற்றக்கூடாது என்று பொருளில்லை. படத்தின் முன் ஒரு விளக்கு வைத்துக் கும்பிடலாம். அந்த வீட்டுக்குச் சுற்றத்தார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது முறை. இந்தப் பழக்கம் குறைந்து வருகிறது. “அவர்களுக்குத்தான் இந்த ஆண்டு தீபாவளி இல்லையே” என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். அன்றைய தினம் யாராவது படியேறி வர வேண்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு அதுதான்.

மாமிசம் வைக்கலாமா என்பது நீண்ட விவாதம். ஆலய நிர்வாகத்தில் இருப்பவன் என்ற முறையில், சைவம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். ஆலயத்தில் சைவம். அதில் மாற்றமில்லை. வீட்டுப் படையல் அந்தந்தக் குடும்பத்து வழக்கம். ஆட்டிறைச்சிப் பிரட்டலை விரும்பிச் சாப்பிட்ட மனிதருக்குச் சாம்பார் ஊற்றி வைத்தால் அவர் என்ன நினைப்பார்? பல வீடுகளில் நான் பார்த்த ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. சாமி மேடையின் முன் சர்க்கரைப் பொங்கல், வடை, பழம் என்று சைவ இலை. முன்னோர் படங்கள் இருக்கும் சுவர் ஓரம், தனியாக, அவர்களுக்குப் பிடித்த இலை. மருமகள் கூடாது என்றால் அவளையே மெல்லக் கேளுங்கள். அவள் பிறந்த வீட்டில் முருகனுக்கு விரதம் இருக்கும் காலமாக இருக்கலாம். அப்படியானால் சமைப்பதை மாமனார் செய்யட்டும். மரபைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நாம், அம்மியையும் அடுப்பையும் பெண்களிடம் விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறோமே, இதுவும் எந்த நூலிலும் சொல்லப்படவில்லை.

சாராயம், சுருட்டு பற்றி இவ்வளவு சொன்னால் போதும். வைப்பவர்கள் ஒரு சொட்டு வைக்கட்டும். படைத்து முடிந்தபின் தாத்தாவின் பெயரைச் சொல்லி முழுப் போத்தலையும் உயிரோடு இருப்பவர்கள் காலி செய்வது படையல் ஆகாது.

பெண் பிள்ளைகள் படைக்கலாமா என்ற கேள்வியை மட்டும் நான் விரைந்து கடந்து போக மாட்டேன். சென்ற ஆண்டுகளில் இதைக் கேட்ட பெண்கள் ஏறக்குறைய எல்லாருமே தயங்கித் தயங்கித்தான் கேட்டார்கள். ஒருவர் தம் தாயாரைப் பதினோரு ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். தாயாரின் படையலை நடத்த மட்டும் தமக்கு உரிமை உண்டா என்று கேட்டார். கொள்ளி வைப்பதும் திதி கொடுப்பதும் மகனுக்கு உரியவை என்ற வழக்கத்தை வைத்து, வீட்டுப் படையலுக்கும் அதே விதியைச் சிலர் போட்டுவிட்டார்கள். படையல் விருந்து. பெற்றவர்களுக்கு மகள் சோறு போடுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தோட்டத்தில் இதை நடத்திக் காத்தவர்களே பெண்கள்தாம் என்பதற்கு மேலே சொன்ன சயாம் விதவைகள் சாட்சி. மணமான பெண் கணவர் வீட்டில் தம் பெற்றோருக்கும் ஓர் இலை போடலாமா என்றால், போடலாம் என்பதே என் பதில். இடம் போதாது என்று எந்தச் சம்பந்தியும் சொல்ல மாட்டார். சொன்னால் அவருக்கு நாளை யார் இலை போடுவார் என்பதை யோசிக்கச் சொல்லுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் சாம்பிராணிப் புகை எச்சரிக்கை மணியை எழுப்பிவிடுகிறது, காகத்துக்குச் சோறு வைக்க இடமில்லை என்கிறார்கள். புகை குறைவாகப் போடுங்கள். சோற்றைக் கீழே பூங்காவில் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வாருங்கள். போர்ட் கிள்ளான் காகங்களுக்கு முகவரி சொல்ல வேண்டியதில்லை. வாழை இலை கிடைக்காத வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தட்டில் படைக்கட்டும். படைத்தபின் சில வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து சில நிமிடம் காத்திருந்து, மூன்று முறை தட்டிவிட்டு உள்ளே போவார்கள். சாப்பிடுகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக. இதைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். வாய் பொத்திக்கொண்டு கதவில் காது வைத்துக் கேட்பார்கள். அவர்களை அதட்ட வேண்டாம்.

படைத்த வேட்டியை வீட்டின் மூத்த மகன் உடுத்துவான், சேலையை மருமகளோ மகளோ உடுத்துவாள். அதைக் கொடுக்கும்போது, இது உன் தாத்தா கொடுத்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் விட்டுவிடக்கூடாதது ஒன்றைச் சொல்லச் சொன்னால், பெயர் சொல்வதைத்தான் சொல்வேன். இலை சிறியதாக இருக்கலாம். கடையில் வாங்கிய முறுக்காக இருக்கலாம், கடைக்காரரும் நம்மவர்தானே. பெயர் சொல்லும்போது மட்டும் வாய்க்குள் முணுமுணுக்காமல், பின்னால் நிற்கும் கடைசிப் பேரனுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அந்த நோட்டைத் தயார் செய்யும் வேலையை இந்தத் தீபாவளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.

எழுத வேண்டியது அதிகமில்லை. ஒருவருக்கு ஐந்தாறு வரி. பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், யார் மகன் அல்லது மகள், ஊர், வேலை செய்த தோட்டம் அல்லது இடம், இறந்த ஆண்டு, விரும்பிச் சாப்பிட்டது. ஊரின் பெயரைப் பெரியவர்கள் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். திருச்சி, சேலம் என்று மாவட்டத்தோடு நின்றுவிடுவார்கள். கிராமத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெண்களின் பெயரை மறக்காதீர்கள். குடும்பங்களில் முதலில் தொலைந்துபோவது பெண்களின் பெயர்தான். இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே அவர்கள் நின்றுவிடுகிறார்கள். எண்பது வயதுப் பெரியம்மா ஒருவர் வீட்டில் இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். காலையில், காப்பி குடித்தபின், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். கேள்வி கேட்டு நச்சரிக்காமல், பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் அவரே பேசுவார். கைத்தொலைபேசியில் குரலையும் பதிவு செய்துகொள்ளலாம்.

சில பெயர்கள் கிடைக்கவே மாட்டா. பிறந்தவுடன் இறந்த பிள்ளைகள், பெயர் வைக்கும் முன்பே போனவர்கள், கப்பலில் தனியாக வந்து தனியாகவே லயத்தில் இறந்து, பக்கத்து வீட்டார் எடுத்துப் புதைத்த மனிதர்கள். பழைய தோட்டக் குடும்பங்கள் சிலவற்றில் இவர்களுக்காகக் கடைசியில் ஒரு சிறிய இலை, அடி இலைத் துண்டானாலும், கூடுதலாகப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் சோறு, ஒரு முறுக்கு, ஒரு டம்ளர் தண்ணீர். எந்தப் படத்தின் முன்னும் வைக்காமல் வாசற்படிக்கு அருகில் வைப்பார்கள். அந்த இலைக்கு முன்னால் நின்று வீட்டுப் பெரியவர், “பேர் தெரியாதவங்க எல்லாரும் வந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்று கூப்பிடுவார்.